ஊதா மீனின் தனித்தொட்டி

கிட்ட வாங்க, செல்லங்களா. இன்னும் கொஞ்சம் கிட்ட. மலேசியாவில், ஈப்போ நகரத்தில் ஒரு கண்ணாடித் தொட்டிக்குள் மருந்து காணாமல் போன கதையைச் சொல்கிறேன். யார் எடுத்தது என்று நீங்களும் கூடவே யோசித்துப் பாருங்கள்.

சுண்ணாம்பு மலையடியில் ஷாஃபியும் அவர் மனைவி நஸீராவும் சாப்பாட்டுக் கடை நடத்துகிறார்கள். கடைக்குப் பின்னால்தான் வீடு. கூடத்தில் பெரிய உப்புநீர்த் தொட்டி. அதில் எட்டு வருஷமாக ஒரு ஜோடி கோமாளி மீன்கள். போன வருஷம் ஷாஃபி புதிதாக ஒரு மீன் வாங்கி வந்தார். ஊதா உடம்பு, மஞ்சள் வால். ஒட்டுண்ணி ஏதும் கூடவே வந்திருந்தால் பழைய மீன்களுக்கும் ஆபத்து. அதனால் அதைப் பின்கட்டில், ஒரு குழாய்த் துண்டு மட்டும் கிடந்த வெறும் தொட்டியில் தனியாக விட்டார்.

நஸீராவுக்கு மனசு கேட்கவில்லை. "விருந்தாளிய இப்படியா மொட்டை ரூம்ல வைக்கிறது?" என்று, முற்றத்தில் கிடந்த அழகான வெள்ளைக் கல் ஒன்றைக் கழுவி உள்ளே வைத்தாள்.

மூன்றாம் நாள் மீனின் மேல் உப்புத் தூவியது போல வெள்ளைப் புள்ளிகள். மூச்சு இரைத்தது. ஷாஃபி தன் சிநேகிதர் தர்மேந்திரனை அழைத்தார். சுங்காய்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். இப்போது ஈப்போவில் தொழிற்சாலை வேலை, வீடு நிறைய மீன்.

"செம்பு மருந்து போடு மச்சான். முப்பது நாளு. கூடுனா மீன் செத்துடும், குறைஞ்சா பூச்சி சாவாது. தினம் டெஸ்ட் பண்ணிப் பாரு லா."

தொட்டி நீரைக் குப்பியில் எடுத்துச் சோதனைத் திரவம் சில சொட்டு விட்டால் நீலம் வரும். எவ்வளவு நீலமோ அவ்வளவு செம்பு. முதல் நாள் நல்ல நீலம். மறுநாள் வெளிறிவிட்டது. ஷாஃபி மருந்து சேர்த்தார், மீண்டும் வெளிறியது. இடையில் புள்ளிகள் மறைந்து, அவர் சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் இரண்டு மடங்காகத் திரும்பின. மீன் தீனியைத் தொடவில்லை.

"மருந்தே போலி," என்றார் ஷாஃபி.

"நீ குழம்புக்கு உப்புப் போடுற மாதிரி கண்ணால அளந்திருப்பே," என்றார் தர்மேந்திரன்.

"அந்தக் குழம்பத் தின்னுதானே உனக்கு இந்த வயிறு!"

நஸீரா சிரிக்கவில்லை. "அண்ணே, தண்ணி ஆவியாப் போறப்ப மருந்தும் போயிடுமா?"

"இல்ல தங்கச்சி. தண்ணிதான் போகும். மருந்து நிக்கும்."

"அப்ப உள்ளுக்குள்ள எதுவோ குடிக்குது. உப்புக் கூடுன குழம்புல உருளைக்கிழங்கு போடுறோம்ல, அது மாதிரி."

இரண்டு வாளிகளில் உப்புநீர் கலந்து, ஒரே அளவு மருந்து விட்டாள். ஒன்றில் குழாய்த் துண்டையும் மற்றதில் கல்லையும் போட்டாள். மறுநாள் மூவரும் குனிந்து பார்த்தார்கள். குழாய் கிடந்த நீர் நல்ல நீலம் காட்டியது. கல் கிடந்த நீரில் நிறமே இல்லை.

"யா அல்லாஹ், நான் வச்ச கல்லா!"

தர்மேந்திரன் தலையில் அடித்துக்கொண்டார். "மலைக்கல்லு! சுண்ணாம்பு செம்ப இழுத்துக்கும்னு எனக்குத் தெரியும் தங்கச்சி. தினம் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். திரும்புன பக்கமெல்லாம் மலையா இருக்கிற இந்த ஊர்ல கல்லு எவன் கண்ணுல படுது?"

"இன்னிக்கே ரெண்டு பங்கு ஊத்திடவா?" என்றார் ஷாஃபி.

"வேணாங்க. மீனு தாங்காது. ஒண்ணாம் நாள்லேர்ந்து எண்ணுவோம்," என்றாள் நஸீரா.

கல் வெளியே போனது. குழாய்க்குத் துணையாக ஒரு ஐஸ்கிரீம் டப்பாவைக் கவிழ்த்து வைத்தாள். நீலம் அன்று நின்றது, மறுநாளும் நின்றது. ஒன்பதாம் நாள் மீன் கடற்பாசித் துணுக்கை வெடுக்கென்று பிடுங்கியது. நஸீரா கடைவரை ஓடிப்போய்ச் சொன்னாள். முப்பது நாளும் கடந்து, ஒரு புள்ளிகூட இல்லாமல் அது பெரிய தொட்டிக்குள் இறங்கியது. கோமாளி மீன்கள் அன்று காலை முழுக்க அதை விரட்டின.

"பழைய குடித்தனக்காரங்க திமிரு லா," என்றார் ஷாஃபி. மதியத்துக்குள் மூன்றும் ஒரே இடத்தில் மேய்ந்தன.

செல்லங்களா, உங்கள் வீட்டில் நோயில் படுத்தவர் எழுந்து பசிக்கிறது என்று கேட்கட்டும். கேட்டவருக்குக் கொடுக்க உங்கள் அடுப்படியில் எப்போதும் சோறு இருக்கட்டும்.