பொட்டல மாத்திரை

கல்யாணமாகி நாலு வருஷம். பிள்ளை இல்லை என்றதும் எல்லோரும் என் வயிற்றைத்தான் பார்த்தார்கள். எழுபத்து நாலு ஐப்பசியில் சாத்தான்குளத்திலிருந்து மாமியார் கடிதம் போட்டார். தை பிறந்ததும் தன் மகன் பொன்ராஜுக்கு வேறு பெண் பார்க்கப் போகிறாராம். என்னிடம் யோசனை கேட்கவில்லை, தகவல்தான். படித்துவிட்டு உளுந்தை ஊறப் போட்டேன். கோபப்படக்கூடத் தெம்பில்லை.

குறை எங்கே என்று எனக்குத் தெரியும், சொல்லத்தான் வாயில்லை. என் வீட்டுக்காரருக்கு ஆசை இல்லாமல் இல்லை. நெருங்கி வருவார். எவ்வளவு நேரமானாலும் அது முடிவுக்கு வராது. களைத்துப்போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். முதல் வருஷம் இப்படி இல்லை. பாண்டி பஜார் ஜவுளிக்கடையில் நாள் முழுக்கப் புடவையைத் தன் தோளில் போட்டு விதவிதமான பெண்களுக்குக் காட்டுகிற மனுஷனுக்கு, வீட்டில் இருப்பவளை எங்கே பிடிக்கப்போகிறது என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன்.

மயிலாப்பூர் லேடி டாக்டர் என்னைச் சோதித்துவிட்டுக் குறை ஒன்றுமில்லை என்றார். "உங்க வீட்டுக்காரர் ஏதாவது மருந்து சாப்பிடறாரா?" என்று கேட்டார். இல்லவே இல்லை என்று அடித்துச் சொன்னேன்.

அவருக்கு ஒரு கெட்ட காலம் இருந்தது உண்மைதான். இரண்டரை வருஷத்துக்கு முன்னால் நாலு மாதம் படுக்கையை விட்டு எழவில்லை. சோறு இறங்கவில்லை. ஒருநாள் மாம்பலம் ஸ்டேஷனில் தண்டவாளத்தின் ஓரமாக நின்றவரை யாரோ கூட்டிவந்து விட்டார்கள். நான் முண்டகக்கண்ணி அம்மனுக்கு வேண்டிக்கொண்டேன். இரண்டே மாதத்தில் எழுந்து கடைக்குப் போனார். அம்மனுக்குப் பொங்கல் வைத்தேன்.

கடிதம் வந்த வாரம் அவர் காய்ச்சலில் படுத்தார். கூட வேலை பார்க்கும் ஷாஹுல் ஹமீது ஒரு காகிதப் பொட்டலத்தோடு வந்தார்.

"அண்ணி, அண்ணன் மாத்திரய கடையிலயே வுட்டுட்டாரு. ரெண்டு வருசமா தெனிக்கும் துன்னுக்கினு கீறாரு, நடுவுல நிறுத்தினா இன்னா ஆவுமோன்னு எடுத்தாந்தேன்."

பொட்டலத்தில் பெயரில்லாத சின்னச் சின்ன மாத்திரைகள். டாக்டரே அட்டையிலிருந்து பிரித்து மடித்துக் கொடுப்பது. அம்மனுக்குப் போன பேரெல்லாம் இதற்குச் சேரவேண்டியது என்று அப்போதுதான் புரிந்தது.

"ஏன் மறைச்சீய?" என்றேன் என் வீட்டுக்காரரிடம்.

"பைத்தியத்துக்கு மருந்து திங்கான்னு தெரிஞ்சா நீ இருப்பியா?" என்றார்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. அதைவிட அதிகமாகப் பாவமாக இருந்தது.

ராயப்பேட்டையில் அந்த மாத்திரையைக் கொடுக்கும் மனநோய் டாக்டரிடம் இருவரும் போனோம். என் வீட்டுக்காரர் தலைகுனிந்திருக்க, நான்தான் எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒரு நரம்பு அடுத்த நரம்புக்குச் சேதி சொல்லச் சில ரசாயனங்கள் உண்டும்மா. செரோடோனின் அதுல ஒண்ணு. மாத்திரை அதைச் சீக்கிரம் கரையவிடாம நிறுத்தி வைக்குது. அதுலதான் மனசு தெளிஞ்சுதுன்னு நினைக்கிறோம். அதே செரோடோனின் முதுகுத்தண்டு வழியா கீழ போற நரம்புக்குப் பிரேக் போடுது போலிருக்கு. வெளிநாட்டுப் பத்திரிகைல இப்பதான் ஒண்ணு ரெண்டு பேர் எழுதறாங்க."

"இத ஏன் மொதல்லயே சொல்லல?"

"கேக்க எங்களுக்குக் கூச்சம். சொல்ல அவங்களுக்குக் கூச்சம்."

அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்திப் பார்க்கலாம், பழைய நோய் திரும்பினால் உடனே வரவேண்டும் என்றார். ஒரு மாதத்தில் நிறுத்தினோம். அடுத்த சில நாளில் அவர் உடம்பு பழையபடி ஆனது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தப் பத்து நாள் நான் புதுப்பெண்ணாக இருந்தேன். மாமியாருக்கு என்ன பதில் எழுதுவது என்றுகூட யோசித்து வைத்தேன்.

அப்புறம் அவருக்குத் தூக்கம் போனது. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாய்க்குப் போகவில்லை. ஒரு மத்தியானம் ஷாஹுல் அவரைக் கைத்தாங்கலாக ரிக்‌ஷாவில் கொண்டுவந்து விட்டார். தோளில் போட்ட புடவையை எடுக்காமல், வாடிக்கையாளர் முன்னால் நின்று அழுதாராம்.

அன்றே ராயப்பேட்டைக்குப் போய்ப் பொட்டலத்தை வாங்கிவந்தேன். மூன்றாம் நாள் மாமியாரும் வந்து இறங்கினார். பெண் அமைந்துவிட்டது, ஏரல் பக்கம் என்றார். நான் ஒரு மாத்திரையும் தம்ளர் தண்ணீருமாக என் வீட்டுக்காரர் முன்னால் போய் நின்றேன். அவர் கையை நீட்டவில்லை.

"இது வேண்டாம், வல்லி. இத முழுங்கினா நமக்குப் பிள்ள..." என்று அம்மா காதில் விழாமல் முணுமுணுத்தார்.

"மொதல்ல நீங்க இருக்கணும். வாயத் தொறங்க" என்றேன் நானும் மெதுவாக.

விழுங்கினார்.

"என்னட்டி மாத்திரை அது?" என்றார் மாமியார்.

தலைவலிக்கு என்றேன். பிறகு மாமியாரைப் பார்த்துச் சொன்னேன். "குறை என் வயித்துலதான் அத்தை. டாக்டரம்மா சொல்லிட்டாங்க. இன்னொருத்திய கட்டிவச்சா இவுக மனசு தாங்காது. ஊரு என்ன மலடின்னு சொல்லட்டும், நான் இருந்துட்டுப் போறேன்."

என் வீட்டுக்காரர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். நான் அடுக்களைக்குப் போய்த் தம்ளரைக் கழுவினேன். கழுவி முடித்த பிறகுதான் அழுகை வந்தது.