நடு அறையில் ஒரு தூக்கம்

ஸ்ரீபெரும்புதூரில் எங்கள் செங்கல் வீட்டை ஓட்டை உடைசல் என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சொன்னவன் என் தம்பி ஸ்ரீதர்தான். வீட்டில் பாதி அவனுடையது. இடித்து மூன்று மாடி எழுப்பி, கம்பெனிப் பிள்ளைகளுக்கு அறை அறையாக வாடகைக்கு விடவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். தனியாகக் குடியிருக்கும் நான் அவன் ஃபிளாட்டில் போய் ஒண்டவேண்டுமாம்.

"இன்னா கட்டி வெச்சிகீறாங்க, மரகதக்கா? செவுரு மட்டும் ரெண்டு அடி. அதுலயே ஒரு ரூம் பூடுது" என்றான்.

சுண்ணாம்பில் கடுக்காய்த் தண்ணீர் விட்டு அரைத்துக் கட்டிய சுவர் அது. மேலே தேக்கு உத்தரங்கள். அவற்றின்மீது சின்னச் சின்னச் செங்கற்களை நிறுத்தி அடுக்கிய தளம். கம்பி ஒன்றுகூடக் கிடையாது. எங்கள் கொள்ளுத்தாத்தா மதராஸில் ஏதோ ஒரு துரை பங்களாவைப் பார்த்துவிட்டு வந்து கட்டியது. துரை வீட்டு ஜன்னல்களை மட்டும் மனுஷன் பார்க்கவில்லை போலும். நடு அறைக்கு ஜன்னலே வைக்கவில்லை. நான் அதில் அரிசி மூட்டைதான் போட்டிருக்கிறேன்.

நான் சரி என்று சொல்வதற்கு முன்பே, முதலில் காம்பவுண்டுச் சுவரை இடிக்க ஞாயிறு காலை ஜேசிபியை வரச் சொல்லியிருந்தான். ஸ்ரீதர் இருங்காட்டுக்கோட்டையில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். நைட் ஷிஃப்ட் முடித்து நேராக வந்தவனை வாசலில் காப்பி குடிக்க விட்டார்களா? லைன் நின்றுவிட்டது, ஆள் வரவில்லை என்று போன் மேல் போன். "ஜேசிபி வர்ற வரைக்கும் கொஞ்சம் சாயறேன்" என்று நடு அறைக்குள் போய் வெறும் தரையில் படுத்தான்.

சற்று நேரத்தில் ஜேசிபி ஓட்டும் தணிகாசலம் வந்து, போனும் கையுமாக வாசலில் நின்றான். "இன்னாக்கா, சாருக்கு போனே போவ மாட்டேங்குது?"

உள்ளே போய்ப் பார்த்தேன். போன் ஸ்ரீதரின் மார்பின்மேல் கிடந்தது, சிக்னல் கோடு ஒன்றுகூட இல்லை. இரண்டடிச் சுவர் எதையும் உள்ளே விடவில்லை. கண்ணுக்குக் கீழே கருவளையத்தோடு, வாயைத் திறந்துகொண்டு தூங்கினான் என் தம்பி. பாவமாக இருந்தது. எழுப்ப மனசு வரவில்லை, வீட்டுக்காக இல்லை, சத்தியமாக. சரி, வீட்டுக்காகவும்தான்.

"தூங்கினு கீறான்பா. எழுப்ப மாட்டேன்" என்றேன்.

"எனக்கு வல்லத்துல வேற வேலை கீது" என்று அவன் வண்டியைத் திருப்பினான்.

விளக்கு வைக்கிற நேரத்தில்தான் ஸ்ரீதர் எழுந்து வாசலுக்கு வந்தான். நான் சண்டைக்குத் தயாராக நின்றேன். "ஜேசிபிய நான்தான் அனுப்பிட்டேன். இப்ப இன்னான்ற?"

அவன் வாயைத் திறப்பதற்குள் கையில் போன் விடாமல் அடித்தது. அதைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். திரும்பி நடு அறைக்குள் நடந்தான், போன் அடங்கிவிட்டது.

"அக்கா," என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தான். "ஒரு தலகாணி இருந்தா குடேன்."