வைனாலு ஓடையும் பதினொரு நிமிடப் பாட்டும்

1989 ஜூன் மாதம், தன் அக்கா மகளின் முதல் பிறந்தநாள் விருந்தில் லோபகா நவாஹினே ஒரு புதுப் பாட்டைப் பாடியபோது, மலைக்கு அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்த வாய்க்கால் தண்ணீர் திரும்பி வைனாலு ஓடைக்கு வந்தது. பாட்டு பதினொரு நிமிடம். தண்ணீரும் பதினொரு நிமிடம் ஓடியது. மாவி தீவின் அந்தப் பள்ளத்தாக்கில் அறுபது வருடமாக ஓடையில் வெறும் கல்தான். கரும்புக் கம்பெனி மலையைக் குடைந்து ஓடையையே திருடிப்போயிருந்தது. திருட்டு என்றுதான் சொல்வேன் கண்ணுகளா, மரியாதையான வார்த்தை எதுவும் எனக்கு வரவில்லை.

எங்கள் பாட்டு எதற்கும் கடைசியில் விடைபெறும் அடி ஒன்று உண்டு. சொல்ல வந்ததைச் சொல்லியாயிற்று என்று அது சொல்லும். அதைப் பாடாமல் விடுவது, விருந்தில் சாப்பிட்டுவிட்டுச் சொல்லிக்கொள்ளாமல் எழுந்துபோவதைப் போன்றது. லோபகா அதைப் பாடியதும் தண்ணீர் வந்த வழியே போய்விட்டது. பதிமூன்று சேம்பு வயல்கள் நனைந்தன. பதினான்காவது, கடைசி வயல், அக்கா வெஹியுடையது. அதன் மடையைத் தண்ணீர் தொடும்போது பாட்டு முடிந்திருக்கும். சேம்புக்கு ஓடுகிற குளிர்ந்த தண்ணீர் வேண்டும். வெறும் மழைத்தண்ணீர் தேங்கிச் சூடானால் கிழங்கு அழுகும். வெஹியின் கிழங்கு வருடாவருடம் அழுகியது.

இருபத்தைந்து வருடம் போனது. உகுலேலே என்கிற குட்டி கிதாரில் ரெகே தாளத்தை ஏற்றி லோபகா நாற்பத்தொரு பாட்டு செய்தான், ஜப்பான் வரை போனான், முடி நரைத்தான். கேசட்டில் போட்டாலும் அந்தப் பாட்டுக்குத் தண்ணீர் வந்தது. கடைசி அடியை விழுங்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. நாங்கள் அப்படி வளர்ந்தவர்கள் இல்லை.

2014இல் ஹோனலூலு கம்பெனி ஒன்று அவனுடைய கால்நூற்றாண்டுப் பாட்டுகளைத் தொகுத்து ஒரு இசைத்தட்டு வெளியிட்டது. அந்தப் பாட்டின் பதினொரு நிமிடம் அதில் மூன்று நிமிடமாகியிருந்தது. லோபகா போன் போட்டான்.

"அங்கிள், ஹோட்டல்ல காபி குடிக்கறவன் அவ்வளவு நேரம் கேப்பானா?" என்றான் தொகுத்தவன், பிரெண்டன் என்று பெயர். "மூணு நிமிஷத்துல சத்தத்த மெதுவா கொறச்சு விட்டுட்டோம். அழகா கரைஞ்சு போவுது."

"உங்க தாத்தாவ பாதிக் குழியில விட்டுட்டு வந்தியாடா நீ?"

போனை வைத்துவிட்டு, சமையலறைச் சுவரைக் குத்தினான். வெஹி அவன் கையிலிருந்த தட்டை வாங்கினாள். "கத்தாத. எவ்வளவு வெட்டியிருக்கான்னு கேப்போம்."

கேட்டார்கள். பாட்டு விடைபெறாமலே கரைந்தது. தண்ணீர் வந்தது. போ என்று அதனிடம் யாரும் சொல்லவில்லை, போகவில்லை. பிற்பகலில் பதினான்காவது வயலில் முழங்கால் அளவு நின்று, கீழ்மடை வழியாகக் கடலுக்கு ஓடியது.

ஆறே வாரத்தில் மலைக்கு அந்தப் பக்கம் அதே வாய்க்காலில் தண்ணீர் எடுத்த ஹோட்டலின் கோல்ப் மைதானம் காய்ந்து துடைப்பம் மாதிரி ஆனது. பிரெண்டன் ஹோட்டல் மேனேஜரோடு ஒரு பெட்டி மலசாடா பணியாரம் வாங்கிக்கொண்டு வந்தான்.

"அந்தக் கடைசி அடிய மட்டும் ஒருதடவ பாடிடுங்க அங்கிள். முழுப் பாட்டையும் திரும்ப வெளியிடறோம். பதினொரு நிமிஷமும். எழுதியே தர்றோம்."

லோபகா கேட்டதெல்லாம் அதுதான். அவன் செய்தவற்றில் உருப்படியானது அந்த ஒரு பாட்டு. அவன் வெஹியைப் பார்த்தான். அவள் இடுப்பில் கை வைத்து வயல் தண்ணீரில் நின்றாள்.

"பெட்டிய வச்சிட்டுப் போங்க," என்றான்.

தண்ணீர் வந்தது என்பதற்காக அவன் யாரையும் மன்னிக்கவில்லை. எண்பத்தைந்து வருடம் ஓடையைத் திருடினார்கள், அப்புறம் பாட்டைத் திருடினார்கள், ஒரு திருட்டு இன்னொன்றைக் கழுவாது என்று கடைசி மூச்சு வரை திட்டினான். அந்தப் பாட்டை மறுபடி வாயில் எடுக்கவே இல்லை. 2019இல் அவன் போனபோது அவனுடைய குழு மற்ற நாற்பது பாட்டையும் விடைபெறும் அடியோடு பாடி முடித்தது. தண்ணீர்ப் பாட்டை மட்டும் யாரும் தொடவில்லை. ஓடை நிறையப் போய்க்கொண்டிருந்ததால், இடுகாட்டுக்கு வந்தவர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கடந்தார்கள்.