சந்தைத் தெருவில் கடை திறந்தவர்கள்

ராஜையன் மொழிபெயர்த்த போலந்து நாவலில் 1939-இல் போர் வருவதில்லை. கிழக்கே ஒரு சிற்றூர். அங்கே எல்லாரும் உயிரோடிருந்து, சண்டை போட்டு, வயதாகி, அவரவர் படுக்கையில் சாகிறார்கள். வரலாற்றை இப்படி மாற்றி எழுதும் போலந்துக் கதைகள் சிலவற்றில் அந்த நாடு போரில் வென்று பேரரசாகிவிடும் என்று அவர் கேள்விப்பட்டிருந்தார். இதில் அப்படி ஒன்றும் இல்லாதது அவருக்கு ஏமாற்றம்தான்.

வங்கியிலிருந்து ஓய்வு பெற்றபின் எடுத்த வேலை அது. ஆங்கிலம் வழியாக மொழிபெயர்த்துக்கொண்டு போனவர், சந்தைத் தெரு அத்தியாயத்தில் சிக்கிக்கொண்டார். காலையில் ஒவ்வொருவராகக் கடை திறக்கிறார்கள், அவ்வளவுதான். தையற்காரர், மீன் விற்கும் ஃபைகா, கண்ணாடி பொருத்துகிறவர். ஒவ்வொருவருக்கும் வாயில் நுழையாத பெயர், அதோடு தகப்பன் பெயரும் சேர்ந்து வருகிறது. திருவனந்தபுரத்துப் பழவங்காடியில் பதிப்பகம் வைத்திருந்த பிச்சையாவும் புத்தகம் பெருத்துப்போவதாகக் கவலைப்பட்டார்.

“இதை ஆரு சாரே வாயிப்பா? எடுத்துரும். கதைக்கு ஒண்ணும் குறையாதுல்லா.”

ராஜையன் எடுத்துவிட்டார். எழுத்தாளரைக் கேட்கவில்லை. முன்னுரையிலும் சொல்லவில்லை.

அந்த எழுத்தாளர் ஹலீனா ஓர் இலக்கிய விழாவுக்காகத் திருவனந்தபுரம் வந்தபோது, பிச்சையா அதே வாரத்தில் வெளியீட்டு விழாவை வைத்தார். கூட்டம் தொடங்குமுன் ஹலீனா ராஜையனிடம் வந்து, சந்தைத் தெரு அத்தியாயத்தைத் தமிழில் வாசிக்க முடியுமா என்று ஆங்கிலத்தில் கேட்டார். அதிலிருப்பவர்கள் தன் தாயாரின் ஊரில் மெய்யாகவே வாழ்ந்தவர்கள் என்றார். போர்க்காலத்தில் யூதர்களான அவர்களை ஜெர்மானியப் படை ஒரே நாளில் பிடித்துக்கொண்டு போனது, ஒருவரும் திரும்பவில்லை. அவர்கள் மறுபடி கடை திறப்பதற்காகவே இந்த நாவலை எழுதினாராம். தமிழ் தெரியாவிட்டால் என்ன, பெயர்கள் காதில் விழுமே என்று சிரித்தார்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். அதற்குள் பிச்சையா மேடைக்கு அழைத்துவிட்டார். ராஜையன் ஏறி நின்று, அந்த ஊரில் மழை பெய்யும் பகுதியை வாசித்தார். முன்வரிசையில் ஹலீனா போலந்துப் புத்தகத்தை விரித்து, சந்தைத் தெரு அத்தியாயத்தின் முதல் வரியில் விரலை வைத்துக் காத்திருந்தார். வாசித்து முடிக்கும்வரை அந்த விரல் நகரவில்லை. சபை கைதட்டியது.

கீழே இறங்கியவரிடம் ஹலீனா மெதுவாகக் கேட்டார்:

“ஃபைகா எங்கே?”

பக்கம் அதிகமாகிவிட்டது என்று ஆரம்பித்தவரால் அந்தச் சாக்கைத் தொடர முடியவில்லை.

“எனக்கு அலுப்பாக இருந்தது. நான்தான் வெட்டினேன்.”

“எல்லாரையுமா?”

“எல்லாரையும்.”

ஹலீனா புத்தகத்தை மூடிப் பைக்குள் வைத்தார். கோபித்துக்கொள்ளவில்லை. பிச்சையா கூப்பிட்டதும் போட்டோவுக்குப் போய் நின்றார். ராஜையன் போகவில்லை. கழிவறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கூட்டம் கலையும்வரை உள்ளேயே நின்றார்.

மறுநாளே உட்கார்ந்து அந்த அத்தியாயத்தை மொழிபெயர்த்தார். பிச்சையா முணுமுணுத்துக்கொண்டே அதைச் சிறு புத்தகமாக அச்சடித்து, மிச்சப் பிரதிகளுக்குள் வைத்தார். ஹலீனாவுக்கும் அனுப்பினார்கள். கிடைத்தது என்று ஒரு வரி வந்தது.

விற்றுப்போன பிரதிகளை என்ன செய்வது? ராஜையன் எங்கே போனாலும் பையில் சிறு புத்தகங்களை வைத்துக்கொண்டார். மென்பொருள் நிறுவனங்கள் நிறைந்த கழக்கூட்டம் பகுதியில் சாய் என்ற மென்பொருள் பையன் வழிமறித்து, நாவலை ஒரே மூச்சில் படித்ததாகவும் எங்கேயும் இழுவையே இல்லை என்றும் பாராட்டினான். அவர் ஒன்றை எடுத்து நீட்டினார்.

புரட்டிப் பார்த்தவன், “இதை ஏன் சார் விட்டீங்க?” என்றான்.

ராஜையன் காரணத்தைச் சொன்னார். அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல அவரால் முடியவில்லை.