கோட்டுக்குள் வைத்த பெட்டி

காதுக்குள் இருந்த குரல், பதினேழாம் வரிசையில் உறைந்த பட்டாணி நான்கு பெட்டி எடுக்கச் சொன்னது. ஐலா அலமாரியில் ஒட்டியிருந்த எண்ணை வாயெதிரே நீண்டிருந்த மைக்கில் படித்தாள். கெரவா நகரத்துக் குளிர்கிடங்கில் அன்றிருந்த குளிருக்கு, யாராவது கோபத்தில் திட்டினால் அந்த வசவே உறைந்து தரையில் விழுந்து உடைந்திருக்கும். இரண்டாவது பெட்டியைத் தூக்கும்போது காதில் 'டிங்' என்றது. அப்புறம் சத்தமே இல்லை.

கையுறையைப் பல்லால் கடித்து இழுத்தாள். கனத்த கோட்டு, அதற்குள் பஞ்சுச் சட்டை, அதற்குள் கம்பளி. மூன்றையும் விலக்கி, ஹெட்செட்டுக்குக் கம்பியில்லாமல் குரல் அனுப்பும், வயிற்றோடு ஒட்டி வைத்திருந்த சின்னக் கருவிப் பெட்டியை வெளியே எடுத்து, மறுபடி இணைய ஹெட்செட்டின் கன்னத்தோடு உரசினாள். நீலவிளக்கு யோசித்தது. விரல் நுனி மரத்தது. நாலு பேருக்குக் கல்யாணம் முடிந்து பிள்ளை பிறந்திருக்கும், அத்தனை நேரம் யோசித்த பிறகு, "தயாரா?" என்று ஒன்றுமே நடக்காததுபோலக் கேட்டது குரல். ஐலா பெட்டியைத் திரும்பவும் வயிற்றருகே பொத்திவைத்தாள்.

பேட்டரி வண்டியில் நின்றபடி தௌனோ பக்கத்தில் வந்தான். பெட்டியைக் கோட்டுக்கு வெளியே, பிட்டத்துக்கு மேலே தொங்கவிட்டிருந்தான்.

"என்ன ஐலா, உன் ஆளு இன்னைக்கும் பேச மாட்டேங்கறானா?"

"பேசுறான். பாதியில கோவிச்சுக்கிட்டுப் போயிடுறான்."

"எங்கிட்ட வாயே மூட மாட்டேங்கறான். வேணும்னா நீ வச்சுக்க."

சிரித்துக்கொண்டே போனான். அவனால் சிரிக்க முடியும்; கம்பெனியின் நிரந்தர ஆள். ஐலா ஏஜென்சி அனுப்பிய ஆள். அடுத்த வாரத்து வேலை நேரம் வியாழக்கிழமை மதியம் போனில் வரும். வந்தால் வேலை, வராவிட்டால் இல்லை. சாப்பாட்டு அறைத் திரையில் எல்லார் பெயரும் வேகத்துக்குத் தகுந்த நிறத்தில் இருக்கும். இணைப்பு அறுந்து நிற்கும் நேரத்தை எந்திரம் சும்மா நின்றதாகவே எண்ணும். ஐலாவின் பெயர் போன வாரம் முழுக்கச் சிவப்பு. இந்த வாரமும் சிவப்பென்றால் செய்தி வராது என்று மேற்பார்வையாளன் யர்மோ காபி ஊற்றிக்கொண்டே சொல்லியிருந்தான்.

கோளாறைக் கண்டுபிடிக்க ரஸ்முஸ் என்ற டெக்னீஷியன் திங்கட்கிழமையே வந்திருந்தான். ஐலாவின் ஹெட்செட்டை மாற்றினான், பெட்டியை மாற்றினான், காதுப்பஞ்சைக்கூட மாற்றினான். எல்லாவற்றையும் அழித்து மறுபடி ஜோடி சேர்த்தான். சாமான் ஏற்றும் மேடையில் வெறும் சட்டையோடு நின்று சோதித்தால், தேவாலயத்து மணிபோலக் கேட்டது. கடைசியில் மைக்ரோவேவ் அடுப்பின்மேல் சந்தேகப்பட்டு அதை வாசலுக்கு நாடுகடத்தினான். அன்று முழுக் கிடங்கும் சைக்கிள் நிறுத்துமிடத்தில் வரிசை கட்டிச் சூப் சுடவைத்தது. ஐலாவின் பெயர் மட்டும் சிவப்பிலேயே நின்றது.

வியாழன் காலை ஐலா அவன் வழியை மறித்தாள்.

"மேடையில நின்னு பாத்தது போதும் தம்பி. உள்ள வா. ஒரே ஒரு வரிசை எங்கூட எடு."

கோட்டு மாட்டிக்கொண்டு வந்தான். முதல் வரிசை தாண்டுவதற்குள் பல் தந்தியடித்தது.

"பெட்டிய எங்க வச்சுக்கறது?"

"உள்ள வை. குளிருல பேட்டரி செத்துரும், உடம்போட ஒட்டி வைங்கன்னு யர்மோ சொல்லியிருக்கான்ல."

ரஸ்முஸ் அதைச் சட்டைக்குள் நுழைத்துக் கோட்டை மூடித் திரும்பினான். 'டிங்'. வெளியே எடுத்தான், பேசியது. உள்ளே வைத்தான், செத்தது. கோட்டின் உள்பக்கத்தைப் புரட்டிப் பார்த்தான். பனி தொடங்கியபோது கொடுத்த புதுக் கோட்டு. சூடு வெளியே போகாமலிருக்க உள்ளே பளபளவென்று உலோகத்தாள் தைத்திருந்தது. பெட்டியின் அலையும் அதைத் தாண்டிப் போகாது.

ரஸ்முஸ் சிரித்துவிட்டான். பிறகு ஐலாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

தௌனோ தவிர எல்லாரும்தான் பெட்டியை உள்ளே வைத்திருந்தார்கள். ஆனால் முக்கால்வாசிப் பேர் கோட்டின் பித்தானைத் திறந்துபோட்டு, அரைகுறையாக. சொன்னதைச் சொன்னபடி, கழுத்துவரை மூடி வைத்தது ஐலா ஒருத்திதான். தௌனோ யார் சொன்னதையுமே கேட்டதில்லை. வெளியே குளிரில் தொங்கும் அவன் பேட்டரி காலையிலேயே சாகும். "பேட்டரி" என்று மைக்கில் சொல்லிவிட்டு மாற்றப் போவான், போன கையோடு காபியும் குடிப்பான். பேட்டரி மாற்றுவது எந்திரம் ஒத்துக்கொண்ட நிறுத்தம். தௌனோவின் பெயர் எப்போதும் பச்சை.

ஐலா யர்மோவிடம் போனாள். ரஸ்முஸும் கூட நின்று விஷயத்தைச் சொன்னான். யர்மோ அப்படியா, அப்படியா என்று தலையாட்டினான். இனிமேல் பெட்டியை வெளியே மாட்டும்படி எல்லாருக்கும் சொல்லிவிடுவதாகச் சொன்னான்.

"அப்ப என் சிவப்பு?" என்றாள் ஐலா.

"அத எந்திரம் எண்ணி ஏஜென்சிக்கு அனுப்பிருச்சு. என் கையில இல்லையே."

"நீங்க வைக்கச் சொன்ன இடத்துலதான வச்சேன்?"

யர்மோ ரஸ்முஸைப் பார்த்தான். ரஸ்முஸ் தன் பையின் பட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தான்.

மதியம் பட்டாணி சூப். மேஜைமேல் போன்கள் ஒவ்வொன்றாக நடுங்கின. ஒன்று கடுகுக் குப்பியை இடித்துத் தள்ளியது. ஐலா தன் நடுங்காத போனைக் கவிழ்த்து வைத்தாள், நிமிர்த்தினாள், மறுபடி கவிழ்த்தாள். தௌனோ தன் அப்பத்தை அவள் தட்டில் வைத்தான். ஏதோ வேடிக்கை சொல்ல வாயெடுத்து, சூப்பைக் குடித்தான்.

சாப்பிட்டபின் பெட்டியை வெளியே மாட்டிக்கொண்டு வேலை செய்தாள். குரல் பக்கத்தில் நடந்துவருவதுபோலக் கேட்டது. மீன், புளுபெர்ரி, ஐஸ்கிரீம். ஒரு பெட்டிகூடத் தவறவில்லை. மூன்று ஆள் வேலையை அவள் ஒருத்தியாகச் செய்வதாகத் தௌனோ வரிசை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனான்.

நேரம் முடிந்ததும் ஹெட்செட்டைக் கழற்றிப் பெட்டியோடு கொக்கியில் மாட்டினாள். முடித்தேன் என்று மைக்கில் சொன்னால்தான் எந்திரம் அன்றைய கணக்கை மூடும். அதைச் சொல்லாமல் கோட்டை மடித்து ஒப்படைத்துவிட்டு, பேருந்துக்கு நடந்தாள்.

"ஐலா, வரிசை பதினேழு," என்றது கொக்கியில் தொங்கிய குரல். "தயாரா?" கொஞ்சம் பொறுத்து மறுபடி கேட்டது. ஒருதரம்கூட அறுபடாமல் கேட்டுக்கொண்டே இருந்தது. சாப்பாட்டு அறைத் திரையில் அன்று மதியம் பச்சையாகியிருந்த அவள் பெயர், சிவப்புக்கு முந்தின மஞ்சளுக்கு மாறிக்கொண்டிருந்தது.