நீலக் கரடியின் சாட்சி

சிப்காட் கம்பெனி ஒன்று எங்கள் கல்லூரிக்கு ஹெட்செட்டுகள் கொடுத்திருந்தது. மாட்டிக்கொண்டால் ஒரு மெய்நிகர் அரங்கம். எந்த உருவத்திலும் உலாவலாம். என் நண்பன் ஷோயப் தன் முகத்தோடே வந்தான். ஜிம்முக்குப் போகிறவனுக்கு அது போதும். நான் பெயரில்லாத நீலக் கரடியாகப் போனேன். ராயக்கோட்டை பஸ்ஸில் இரண்டு வருடமாக ஜெயப்ரியாவுக்கு ஜன்னலோர இடம் பிடித்துத் தருபவன் நான். அவள் சிரிப்பதோ ஷோயப்பிடம். எவ்வளவு நேரம் சிரிக்கிறாள் என்று கரடி கவனித்தது.

மூன்றாம் நாள் ஷோயப் வரவில்லை. இறுதியாண்டு அன்புமணி வெள்ளை ரோபோவாக வந்தான். ஜெயப்ரியாவைச் சுவரோரம் மடக்கி, மார்பில் கை வைத்து, காதுக்குள் அசிங்கமாகப் பேசினான். "தள்ளிப் போடா!" என்று கத்தினாள். பத்தடி தள்ளி நின்ற கரடி வாய் திறக்கவில்லை. அவள் ஹெட்செட்டைக் கழற்றி ஓடினாள்.

மறுநாள் கேன்டீனில், எனக்கும் ஷோயப்புக்கும் எதிரே உட்கார்ந்து புகார் எழுதினாள்.

"பொம்மையத்தானே தொட்டான்னு கேக்கறாங்கப்பா. தொட்டது என்னையத்தான். அவன் எதுவுமே பண்ணலைங்கறான். பாத்தவங்க இருந்தாத்தான் நிக்கும்னு புகார் கமிட்டி ருக்மணி மேடம் சொல்றாங்க."

ஷோயப் டீயைக் கீழே வைத்தான். "நான் பாத்தேன்னு எழுது ஜெயா. எங்க வேணா வந்து சொல்றேன்."

அவள் அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு எத்தனை ஜன்னலோரம் பிடித்திருக்கிறேன்! இதில் 'ஜெயா' வேறு.

"நேத்து இவன் அங்க இல்லவே இல்ல" என்றேன்.

"உனக்கெப்படித் தெரியும்?" என்றாள்.

நியாயம் என் வாயைத் திறந்தது என்று எழுத ஆசைதான். திறந்தது பொறாமை.

"அந்தக் கரடி நான்தான்."

ஷோயப் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம். ஜெயப்ரியாதான் கேட்டாள்.

"மூணு நாளா என்னையே மொறச்சிட்டு நின்னது நீயா திம்மா? அதுக்கே பயந்துட்டு இருந்தேன்டா. அவன் கை வெச்சப்பகூட ஒரு சத்தம் போடலியே நீ?"

"பேசினா நான்னு தெரிஞ்சிடும்னு..."

அவள் ஷோயப்பிடம் திரும்பினாள். "பொய் சாட்சி வேணாம்பா." பேப்பரை என் பக்கம் தள்ளினாள். "அவன் பண்ணத எழுது. நீ நின்னதையும் எழுது."

எழுதினேன். ஷோயப் எட்டிப் பார்த்தான். "நீ எதுக்குக் கரடியா வந்தேன்னு போடலியே மச்சி."

அதையும் எழுதி, 'திம்மராயன், மூன்றாமாண்டு' என்று கையெழுத்துப் போட்டேன்.

அவள் முழுக்கப் படித்தாள். "மேடம் கூப்பிட்டா வந்து சொல்லு" என்றாள். மேடத்தின் அறைக்குத் தனியாகப் போகத் தயங்கி நின்றாள்.

நான் எழுந்தேன்.

"நீ உக்காரு" என்றாள். ஷோயப் கூடப் போனான்.