பதினான்காவது கிலோமீட்டரில்

லிஃப்ட் மெக்கானிக் தன் மகனைத் தோளில் சாய்த்துக்கொண்டு, பூட்டிக் கிடந்த செருப்புக் கடையின் படியில் மனைவிக்காகக் காத்திருந்தான். எதிரே பதினான்காவது கிலோமீட்டர் பலகை.

பிள்ளை பெற்ற பிறகு அவள் ஓடும் முதல் அரை மாரத்தான். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு இது என்ன வேண்டாத வேலை என்று அவனுடைய அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவனுக்கும் உள்ளூர அதே நினைப்புதான். ஆனால் ஒருநாள் அவள் துணி மடித்துக்கொண்டே, "இந்த உடம்பு எல்லாருக்கும் உழைக்குது, நான் சொன்னா மட்டும் கேக்க மாட்டேங்குது. ஒரு தடவை ஓடிப் பாத்துடறேங்க" என்றாள். அதன்பிறகு வழியில் நின்று பால் கொடுத்துவிட்டு ஓட்டத்தைத் தொடர்வதென்று இருவருமாக ஏற்பாடு செய்துகொண்டார்கள்.

அவள் வந்தபோது பையன் அடித்துப்போட்டதுபோல் தூங்கிக்கொண்டிருந்தான். அவளுக்கோ பால் கட்டி உயிர் போகிற வலி. பையனின் உள்ளங்காலைச் சுரண்டி எழுப்பினார்கள். கண் திறந்தவன், வியர்வை வழிந்து உப்புப் பூத்திருந்த அவள் முகத்தை யாரோ என்று நினைத்து வீறிட்டான். அப்பாவின் சட்டையைப் பிடித்த பிடியை விடவில்லை. அவள் முகம் சுண்டிப்போயிற்று.

"போதுங்க. வீட்டுக்குப் போயிடலாம்."

அவன் கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்து, நடுத்தெரு என்றும் பாராமல் அவள் நெற்றியையும் கன்னத்தையும் கழுத்தையும் நிதானமாகத் துடைத்துவிட்டான். முகத்தில் ஒட்டியிருந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினான். பையன் விசும்பலை நிறுத்தி, ஒரு கணம் உற்றுப் பார்த்துவிட்டு அவளிடம் தாவினான்.

பையன் பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே கடைசி ஆளும் ஓடிப்போய்விட்டார். பின்தங்கியவர்களை ஏற்றிக்கொள்ளும் வேன் வந்து நின்றது. ஏறிக்கொள்கிறீர்களா என்று டிரைவர் கேட்டார். அவள் கணவனைப் பார்த்தாள்.

"பிள்ளை சாப்பிட்டுட்டு இருக்கான்" என்றான் அவன். "கொஞ்சம் பொறுங்க. அப்புறம் அவ ஓடுவா."

டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டு மறுபக்கம் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

எழுந்தபோது அவளுக்குக் கால் மரத்திருந்தது. முதலில் நொண்டினாள், பிறகு நடந்தாள், திருப்பத்தை நெருங்கும்போது ஓடிக்கொண்டிருந்தாள். பின்னாலேயே வேன் மாடுபோல் அசைந்து அசைந்து போயிற்று.

ஓட்டம் முடியும் இடத்தில் அவளுக்கு முன்பே போய் நின்றுவிட வேண்டுமென்று அவன் கிளம்பினான். எந்தத் தெருவில் நுழைந்தாலும் தடுப்பு. சுற்றிச் சுற்றி அலைந்து, ஒரு தடுப்பின் முன்னால் திகைத்து நின்றபோது போன் அடித்தது. முதலில் மூச்சிரைப்புதான் கேட்டது.

"முடிச்சுட்டேங்க. இங்க பந்தலைப் பிரிச்சுட்டு இருக்காங்க, ஆளே இல்ல. நீங்க எங்க இருக்கீங்க?"

அவனுக்கு ஓவென்று கத்த வேண்டும்போல் இருந்தது. தோளிலோ பையன் மறுபடியும் தூங்கியிருந்தான். தடுப்பருகே நின்ற போலீஸ்காரரிடம் போய், தன் மனைவி ஓடி முடித்துவிட்டாள் என்று தணிந்த குரலில் சொன்னான். அவருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. இருந்தாலும் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, சத்தம் வராமல் தடுப்பைத் தூக்கி நகர்த்தி வைத்தார்.